பினாங்கிலிருந்து ஹொனலூலு ஷாமினாட் பல்கலைக்கழகத்திற்கு: தாள், செலவு, தேதி பற்றிய ஒரு வழிகாட்டி

எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கத் தேர்வு) எழுதிக்கொண்டிருந்த என் தம்பி, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹூவில், ஹொனலூலு நகரத்து ஷாமினாட் பல்கலைக்கழகத்தில் தடயவியல் படிக்க வேண்டும் என்று சொன்னபோது, எங்கள் வீட்டில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. மரியானிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் நடத்தும் சிறிய பல்கலைக்கழகம் அது. அப்பா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை டெக்னீஷியன், அம்மா வீட்டில் தையல் வேலை செய்பவர் என்பதால் தாள் வேலை முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது. பதினான்கு மாதங்கள் அதிலேயே கழிந்தன. அவற்றில் ஐந்து மாதங்களாவது வரிசை தெரியாமல் வீணானவை. அந்த ஐந்து மாதங்கள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு தகவலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தேவையில்லை, சொத்து மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லை. இவற்றை எடுத்துத் தருவதாகச் சொல்லி எங்களிடம் ஓர் ஏஜெண்டு பணம் வாங்கினார். கோலாலம்பூரில் இயங்கும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தின் ஆலோசகர்களிடம் அமெரிக்கப் படிப்பு பற்றி இலவசமாகவே கேட்கலாம். யாரிடமும் பணம் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

1. காலக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

முதல் பருவம் ஆகஸ்டு மாதக் கடைசியில் தொடங்குகிறது, இரண்டாவது ஜனவரியில். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் அரசாங்கத் தேர்வு) முடிவுகள் 2024-இல் மே 27 அன்றும், 2025-இல் ஏப்ரல் 24 அன்றும் வெளிவந்தன. முடிவைக் கையில் வாங்கிய பிறகு விண்ணப்பித்து அதே ஆகஸ்டில் வகுப்பில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தால், அனுமதிக் கடிதம், வங்கித் தாள்கள், ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), விசா நேர்காணல், தடுப்பூசிகள் எல்லாவற்றையும் மூன்று நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் ஒரே ஒரு தாள் திரும்பி வந்தாலும் பருவம் போய்விடும். ஆகவே முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபரிலேயே பள்ளிச் சோதனை மதிப்பெண்களை வைத்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் அதைச் சேர்த்து அனுப்புங்கள். அது இயலாதவர்கள் பதறாமல் ஜனவரிப் பருவத்தைக் குறிவைப்பது நல்லது.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் சேருங்கள். ஹொனலூலு நமக்கு 18 மணி நேரம் பின்தங்கியது. அங்கே திங்கள் காலை 9 மணி என்றால் இங்கே செவ்வாய் அதிகாலை 3 மணி. அவர்களுடைய பிற்பகல் அலுவலக நேரம் நமக்குக் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வருகிறது. அந்த நேரத்தில், செவ்வாய் முதல் சனி வரை, தொலைபேசியில் அழைத்தால் ஆள் கிடைப்பார். நம் திங்கட்கிழமை காலை அவர்களுக்கு ஞாயிறு. இது புரியாமல் முதல் இரண்டு மாதங்கள் திங்கள்தோறும் அழைத்து, ஒலிப்பதிவுக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அடுப்படி மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை 8 மணிக்கு அழைக்கத் தொடங்கினேன். அங்கே அது வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணி. கேட்ட கேள்விக்கு அன்றே பதில் கிடைத்தது.

2. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

எல்லாவற்றிலும் அதிகமாக எங்களை அலைக்கழித்தது பெயர்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் கிடையாது. முழுப் பெயரும் ஒரே வரியில், நடுவில் 'ஏ/எல்' (மகன்) அல்லது 'ஏ/பி' (மகள்) என்ற குறியோடு இருக்கும். அமெரிக்கப் படிவங்கள் ஒவ்வொன்றும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும், சாய்கோட்டை ஏற்காது. அந்த இடத்தில் நம் பிள்ளைகள் அப்போதைக்குத் தோன்றியபடி தட்டிவிடுகிறார்கள்.

என் தம்பி பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சாய்கோட்டை விட்டுவிட்டு 'ஏஎல்' என்பதை அப்பா பெயருக்கு முன்னால் ஒட்டி, அதையே குடும்பப் பெயராக எழுதியிருந்தான். ஆங்கிலத் தேர்வுக்குப் பதிந்தபோது அப்பா பெயரை மட்டும் எழுதினான். விசா படிவத்தில் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் நிரப்பினான். மூன்று தாளில் மூன்று மனிதர்கள். நல்ல வேளையாகச் செவிஸ் (அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் கட்டுவதற்கு முதல் நாள் இரவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பல்கலைக்கழகத்துக்கு எழுதி ஐ-20 படிவத்தைத் திருத்தி வாங்கவும், தேர்வு முடிவைப் பொருத்தவும் பதினொரு நாள்கள் பிடித்தன.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதல் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே கடப்பிதழின் படப் பக்கத்தை ஸ்கேன் செய்து, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பி, இந்தப் பெயரை எப்படிப் பிரித்துப் பதிவார்கள் என்று கேளுங்கள். படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். அவர்கள் எழுத்தில் சொல்லும் பிரிப்பையே ஆங்கிலத் தேர்வு, ஐ-20, செவிஸ், விசா படிவம், விமானச் சீட்டு எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள். சொந்தப் பெயர்க் கட்டம் காலியாக விடப்பட்டால் அமெரிக்க ஆவணங்களில் அந்த இடத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். சொந்தப் பெயர் தனியாகக் குறிக்கப்படவில்லை என்பதற்கான குறி அது, பிழையன்று. அதைத் திருத்தச் சொல்லி ஓடாதீர்கள்.

கடப்பிதழின் காலாவதித் தேதியையும் இப்போதே பாருங்கள். ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். இடையில் புதிய எண் வந்தால் நிரப்பிய படிவங்களை மறுபடி நிரப்ப வேண்டிவரும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு வழக்கமான கட்டணம் 200 ரிங்கிட்.

3. கல்விச் சான்றிதழ்கள்

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் சான்றிதழ்களும் பிறப்புப் பத்திரமும் மலாய் மொழியில் இருப்பவை. அவற்றுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். வங்சா மாஜுவில் உள்ள மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம் இதைச் செய்து தருகிறது. மூலச் சான்றிதழைத் தபாலில் அனுப்பாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியரின் முத்திரையும் கையொப்பமும் உள்ள நகலை வைத்துக் காரியத்தை முடியுங்கள்.

பலரும் தவறவிடுவது பள்ளி மதிப்பெண் பட்டியலை. எஸ்பிஎம் சான்றிதழ் ஒன்றே போதும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோ நான்காம், ஐந்தாம் படிவங்களில் ஒவ்வொரு பருவமும் வாங்கிய மதிப்பெண்களைப் பள்ளியின் முத்திரையிட்ட உறையில் எதிர்பார்க்கின்றன. ஆண்டிறுதி விடுமுறையில் பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடக்கும் என்பதால் நவம்பருக்கு முன்பே மூன்று உறைகளாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எஸ்பிஎம் மட்டும் முடித்தவர்கள், நேரடியாக முதலாண்டில் சேர அது போதுமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிபிஎம் முடித்தவர்களும், இங்குள்ள கல்லூரிகளில் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் படித்தவர்களும், எந்தப் பாடங்களுக்கு கிரெடிட் (படித்து முடித்ததாகக் கணக்கில் வைக்கும் பாட அலகு) தருவார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பாடத்திட்டத்தின் விரிவான பக்கங்களைக் கல்லூரி முத்திரையோடு அனுப்பினால்தான் அதைச் சரிபார்க்க முடியும். ஒரு பருவத்துக்குரிய கிரெடிட் கிடைத்தால் ஒரு பருவக் கட்டணமே குறைகிறது.

ஆங்கிலத் தேர்வில் மூயட் நம் நாட்டுக்குள் செல்லுபடியாகும் அளவுக்கு வெளியே பழக்கமானதன்று. ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் எழுதுவது பாதுகாப்பு. இரண்டின் முடிவும் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும், ஆகவே நாலாம் படிவத்திலேயே அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

4. பணத்தைக் காட்டுவதும் கட்டுவதும்

கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 25,000 டாலரைத் தாண்டுகிறது. அதன்மேல் விடுதி, உணவு, மருத்துவக் காப்புறுதி, புத்தகம் எல்லாம் வரும். பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை எதுவானாலும் அது அனுமதிக் கடிதத்திலேயே தொகையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ச் சொல்லை நம்பித் திட்டமிடாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கும் தொடருமா, எந்தச் சராசரி மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐ-20 வாங்குவதற்கு ஓராண்டுச் செலவு முழுவதும் கையிருப்பில் இருப்பதாக வங்கித் தாள் காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கும் நிரந்தர வைப்பும் கணக்கில் சேரும். வீட்டுப் பத்திரம், நகை, ஊழியர் சேமநிதி இருப்பு ஆகியவை உடனே எடுக்கக்கூடிய பணமாகக் கருதப்படுவதில்லை. எங்கள் அப்பா பெரிதும் நம்பியிருந்தது சேமநிதியைத்தான். பிள்ளையின் மேற்படிப்புக்காக, வெளிநாட்டுப் படிப்பு உட்பட, செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கச் சேமநிதி வாரியம் அனுமதிக்கிறது. அதற்கு அனுமதிக் கடிதமும் கட்டண விவரமும் உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரமும் வேண்டும். இங்கே வரிசைதான் முக்கியம். அனுமதிக் கடிதம் ஐ-20 படிவத்துக்கு முன்பே வந்துவிடும். அதை வைத்துச் சேமநிதிக்கு விண்ணப்பியுங்கள். ஐ-20 வரட்டும் என்று காத்திருந்தால், பணம் இல்லாமல் ஐ-20 இல்லை, ஐ-20 இல்லாமல் பணம் இல்லை என்ற சுழலில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

மாமா, சித்தப்பா போன்ற உறவினர் பணம் தருவதாக இருந்தால், அவர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம், அவருடைய வங்கித் தாள், சம்பளத் தாள், உறவை விளக்கும் ஒரு பக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு கணக்கில் பெருந்தொகை திடீரென்று ஏறியிருந்தால் அது கேள்விக்குள்ளாகும். வீட்டில் ஒரு நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைத் தாளை உடன் வையுங்கள்.

பணம் அனுப்பும்போது இன்னொரு பொறி உண்டு. வங்கிவழித் தந்திப் பணத்தில், இடையில் வரும் வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். 3,000 டாலர் அனுப்பினால் அதைவிடக் குறைவாகவே போய்ச் சேரும். பாக்கி நிலுவையாகி, அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாமல் கணக்கு முடங்கிவிடும். எல்லா வங்கிகளின் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கிறார் என்ற கட்டத்தில் குறியிட வேண்டும் என்று வங்கியில் தெளிவாகச் சொல்லுங்கள். ரிங்கிட் மதிப்பு ஆண்டுக்குள்ளேயே ஏறி இறங்குவதால், கணக்கிட்ட தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வைப்பது எங்களைக் காப்பாற்றியது.

5. ஐ-20, செவிஸ் கட்டணம், விசா படிவம்

ஐ-20 இப்போது மின்னஞ்சலில் வருகிறது. அச்சிட்டு, மாணவர் கையொப்பமிட வேண்டும். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். மேலே 'என்' எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் இருக்கும். அதை வைத்து இணையத்தில் செவிஸ் கட்டணம் 350 டாலரைக் கட்டி, ரசீதை அச்சிடுங்கள். நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பாவது கட்டிவிட வேண்டும். விசா மறுக்கப்பட்டால், 12 மாதங்களுக்குள் மறுபடி விண்ணப்பிக்க அதே ரசீது செல்லும்.

அடுத்தது டிஎஸ்-160 என்ற விசா படிவம். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், திரும்பக் கிடைக்காது, கட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நேர்காணல் தேதி பதிய வேண்டும். 2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் ஒன்று, விசாவுக்கு மேலும் 250 டாலர் வசூலிக்க வழிசெய்திருக்கிறது. கட்டணம் செலுத்தும் நாளில் தூதரகத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பார்த்து, அந்தத் தொகையையும் கையில் வைத்திருங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை எல்லாம் படிவத்தில் எழுத வேண்டும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் வேண்டும். மறந்துபோன பழைய கணக்கு ஒன்று இருந்தாலும் அதையும் எழுதுங்கள்.

படம் 5 செண்டிமீட்டர் சதுரம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி அணியக் கூடாது. மலேசியக் கடப்பிதழ் அளவுப் படத்தைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு, ஆகவே படக்கடையில் அமெரிக்க விசா அளவு என்று சொல்லி எடுங்கள்.

6. கோலாலம்பூரில் நேர்காணல்

பினாங்கில் விசா அலுவலகம் இல்லை. எல்லாரும் கோலாலம்பூர் துன் ரசாக் சாலையிலுள்ள தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து மின்தொடர்வண்டியில் கேஎல் செண்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். காலை நேர்காணலுக்கு அன்றே கிளம்பிப் போவது ஆபத்து. முதல் நாளே போய்த் தங்குங்கள். அம்பாங் பார்க் நிலையத்தில் இறங்கினால் தூதரகம் நடக்கும் தொலைவில்தான். பெரிய பை, மடிக்கணினி எல்லாவற்றையும் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு, ஒளிபுகும் கோப்புறையில் தாள்களை மட்டும் கொண்டுபோங்கள். தூதரகம் மலேசிய விடுமுறைகளிலும் அமெரிக்க விடுமுறைகளிலும் மூடியிருக்கும் என்பதால் இரண்டு நாள்காட்டிகளையும் பார்த்துத் தேதி எடுங்கள்.

தாள்களின் வரிசை: கடப்பிதழ், டிஎஸ்-160 உறுதிப்பக்கம், கட்டண ரசீது, படம், ஐ-20, செவிஸ் ரசீது, கல்விச் சான்றிதழ்கள், வங்கித் தாள்கள். இவற்றில் பாதியைக் கேட்காமலும் விடுவார்கள். கேட்பதோ ஒரு சில நிமிடங்களில் மூன்று நான்கு கேள்விகள்தான். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் செலவழிக்கிறார், படித்து முடித்து என்ன செய்வாய் என்பவையே பெரும்பாலும் வரும். மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான பல்கலைக்கழகங்கள் இருக்கச் சிறிய தீவுப் பல்கலைக்கழகம் எதற்கு என்று தம்பியிடமும் கேட்டார்கள். தடயவியல் ஆய்வுக்கூடப் பாடங்களின் பெயர்களைச் சொல்லி, வகுப்பில் மாணவர் குறைவு என்பதால் கருவிகளைத் தானே கையாள முடியும் என்று அவன் சொன்னான். அப்பாவின் சேமநிதித் தாளையும் மாமாவின் கடிதத்தையும் நீட்டினான். அவ்வளவுதான். ஐ-20 படிவத்தில் உள்ள தொகையும் வாயால் சொல்லும் தொகையும் ஒத்துப்போக வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவைப் படிப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்பே கொடுக்கலாம். ஆனால் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மலிவு விலையில் முன்கூட்டிய சீட்டை வாங்கிவிடாதீர்கள்.

7. தடுப்பூசி: ஆறு மாதம் முன்பே பாருங்கள்

விசா கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். ஹவாய் மாநிலத்தில் கல்லூரியில் சேர்பவர்கள் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) இரண்டு தவணை, சின்னம்மை இரண்டு தவணை, டிடாப் (ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான்) ஒரு தவணை போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவருக்கு மூளைக்காய்ச்சல் ஊசியும் வேண்டும். நம் பிள்ளைகள் எல்லா ஊசியும் போட்டவர்கள்தான், ஆனால் பெயர்கள் பொருந்துவதில்லை. அம்மா அலமாரியிலிருந்து எடுத்துத் தந்த பழுப்பேறிய குழந்தை நலப் புத்தகத்தில், ஒன்றாம் ஆண்டில் பள்ளியில் போட்ட ஊசி 'எம்ஆர்' என்று மட்டும் இருந்தது. அதில் பொன்னுக்குவீங்கிக்கான பகுதி இல்லை, ஆகவே எம்எம்ஆர் இரண்டாம் தவணையாக அதை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் படிவத்தில் போடுவது வெறும் ரணஜன்னி ஊசி, டிடாப் அன்று. சின்னம்மை ஊசி நம் அரசாங்க அட்டவணையிலேயே இல்லை.

சின்னம்மை ஊசியின் இரண்டு தவணைகளுக்கு நடுவில் நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும் என்பதால் கடைசி மாதத்தில் ஒன்றும் செய்ய முடியாது. மூளைக்காய்ச்சல் ஊசி எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம். உம்ரா செல்பவர்களுக்கு ஊசி போடும் கிளினிக்குகளில் அது இருக்கும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டி ஆயிற்று. போட்டபின் ஊசியின் பெயர், தேதி, மருத்துவரின் முத்திரை ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் ஒரே பக்கமாக எழுதி வாங்குங்கள்.

காசநோய்ச் சான்றும் தேவை. நம்மில் எல்லாருக்கும் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால், தோல் பரிசோதனையில் நோய் இல்லாமலேயே வீக்கம் காட்டலாம். அதனால் பயப்பட வேண்டாம், இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். இங்கே எடுத்த அறிக்கையை ஏற்பார்களா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் முன்பே உறுதி செய்யுங்கள். தம்பி அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அதை முடித்தான்.

8. பயணமும் பெட்டியும்

டோக்கியோ அல்லது சோல் வழியாகப் போவது வழக்கம். நடுவில் தேதிக்கோட்டைக் கடப்பதால், 10-ஆம் தேதி இரவு டோக்கியோவில் ஏறினால் அதே 10-ஆம் தேதி காலையில் ஹொனலூலுவில் இறங்குவீர்கள். விடுதி 11-ஆம் தேதிதான் திறக்கும் என்றால் ஓர் இரவு தங்குமிடம் இல்லை. சீட்டு வாங்குமுன் விடுதித் திறப்பு நாளைப் பாருங்கள்.

ஐ-20, கடப்பிதழ், அனுமதிக் கடிதம், வங்கித் தாள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். சாமான் பெட்டியில் போட்டால் குடிநுழைவுக் கூடத்தில் எடுத்துக் காட்ட முடியாது. கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது. இறைச்சிப் பொருள்களும் கூடாது. அம்மா அரைத்துத் தந்த சாம்பார்ப் பொடியையும் மிளகாய்த் தூளையும் சுங்கத்தில் அறிவித்துவிட்டுக் கொண்டுபோகலாம். அறிவிக்காமல் அகப்பட்டால் பொருளும் போகும், அபராதமும் விழும்.

குளிராடை வேண்டாம், பினாங்கு வெயிலுக்கு உடுத்துவதே போதும், குளிரூட்டிய வகுப்பறைக்கு ஒரு மேலங்கி போதும். நம் வீட்டுச் சோற்றுப் பானையைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. கைப்பேசி மின்னேற்றிக்கு முனை மாற்றி மட்டும் போதும்.

9. முதல் முப்பது நாள்கள்

பல்கலைக்கழகம் கைமுகி என்ற பகுதியில், வையலாய் சாலைக்கு மேலே ஒரு குன்றுச் சரிவில் இருக்கிறது. ஹாலே ஹோவலோஹா, ஹாலே போஹாக்கு என்ற விடுதிகளும் சல்லிவன் நூலகமும் எல்லாம் அந்தச் சரிவிலேயே இருப்பதால் படியேறாமல் ஒரு நாளும் கழியாது. நல்ல காலணி வாங்குங்கள். நகரத்துக்குள் போக வையலாய் சாலையில் 1-ஆம் எண் பேருந்து ஓடுகிறது. ஹோலோ என்ற பேருந்து அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் சில்லறை தேட வேண்டியதில்லை.

சேர்ந்தவுடன் செய்ய வேண்டியது வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் பதிவது. தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் செவிஸில் உங்களைப் பதியாவிட்டால் விசா நிலையே போய்விடும். பட்டப்படிப்பில் ஒவ்வொரு பருவமும் 12 கிரெடிட் குறையாமல் எடுக்க வேண்டும், அதில் ஒரு பாடத்துக்கு மேல் இணையவழிப் பாடம் கணக்கில் சேராது. பாடம் கடினமாக இருக்கிறது என்று அந்த அலுவலகத்தைக் கேட்காமல் விட்டுவிட்டால், கல்வித் தவறு குடிநுழைவுத் தவறாக மாறிவிடும்.

சிறிய பல்கலைக்கழகம் என்பதன் பொருள் அங்கே போன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. வகுப்புக்கு வராவிட்டால் ஆசிரியருக்குத் தெரியும், அடுத்த முறை பார்க்கும்போது கேட்பார். நம் பிள்ளைகள் கை தூக்கிக் கேள்வி கேட்கப் பழகியவர்கள் அல்லர். ஆசிரியர் தம்மைச் சந்திக்க ஒதுக்கிய நேரத்தில் போய் உட்கார்ந்து கேட்பதுதான் அங்கே மரியாதை. தம்பி முதல் இடைத்தேர்வில் தவறிய பிறகே போனான், நீங்கள் முதல் வாரத்திலேயே போங்கள்.

10. சமயம், சாப்பாடு, வேலை

மதம் மாற்றிவிடுவார்களோ என்பதே எங்கள் அம்மாவின் பெரிய கவலை. பினாங்கில் செயிண்ட் சேவியர் பள்ளியிலும் கான்வெண்ட் பள்ளிகளிலும் படித்து, வீட்டில் விபூதி வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என்று பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அத்தைதான் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். மாதா மன்றாட்டுமாலையில் வரும் பட்டத்தைப் பெயராகக் கொண்ட மிஸ்டிக்கல் ரோஸ் சிற்றாலயத்தில் திருப்பலி நடக்கிறது. போவதும் போகாததும் அவரவர் விருப்பம். பொதுக் கல்விப் பாடங்களில் சமயப் பாடம் ஒன்று உண்டு. அதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாமல் முன்பே எடுங்கள், எழுதவும் விவாதிக்கவும் நல்ல பயிற்சி. மாணவர்களில் பலர் ஹவாய்ப் பூர்வகுடியினரும் பசிபிக் தீவினரும். பெரியவர்களுக்கு மரியாதை, வீட்டுக்குள் செருப்பு கழற்றுவது, சோறு எல்லாம் நம்மைப் போலவே.

சைவ உணவுக்காரர்கள் விடுதி உணவுத் திட்டத்தில் கையெழுத்திடுமுன் சமையலறையில் பேசுங்கள். கடைச் சோற்றுருண்டையின் மேல் இருப்பது பன்றி இறைச்சி, அறியாமல் வாங்கிவிட வேண்டாம். நம் சேப்பங்கிழங்கு அங்கே 'காலோ', அதை அவித்து மசித்தால் 'போய்'. கடையில் ஒட்டிய விலைக்கு மேல் ஓவாஹூவில் 4.712 விழுக்காடு வரை வரி வரும், அரிசிக்கும் காய்கறிக்கும் உண்டு.

வளாகத்துக்குள் பாட நாள்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16 டாலர். அது கைச்செலவுக்கு உதவும், கட்டணத்தை அடைக்காது. வெளியே கடையில் வேலை செய்யக் கூடாது, பணமாகத் தருகிறேன் என்று யார் அழைத்தாலும் போகக் கூடாது.

கோயிலுக்கு ஏங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கவாய் தீவில் சைவ ஆதீனம் இருக்கிறது. அங்கே முழுவதும் கருங்கல்லால் எழுப்பிய இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. ஹொனலூலுவிலிருந்து விமானத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

டிசம்பரில் வீட்டுக்கு வருபவர்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் பயணக் கையொப்பத்தை வாங்குங்கள். அது ஓராண்டுக்குச் செல்லும். கையொப்பம் இல்லாமல் பினாங்குக்கு வந்துவிட்டால், திரும்பிப் போகும் வழியில் நிறுத்திவைப்பார்கள்.